வலிக்கவில்லை என்பதால் ஆறு வாரம் நடந்தேன்

என் இடது பாதத்தில் வளைவு இருக்கவேண்டிய இடத்தில் இப்போது எலும்பு கீழ்நோக்கிப் புடைத்து நிற்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் பரிசலின் அடிப்பக்கம் மாதிரி இருக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு வரும் 'சார்கோ பாதம்' என்ற நோயால் ஆறே வாரத்தில் வந்த கோணல் இது. அந்த ஆறு வாரமும் நான் சும்மா இருக்கவில்லை, ஒவ்வொரு இடமாக வைத்தியம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதை நினைத்தால்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். வயது 54, சர்க்கரை வந்து 14 வருடம். போன மே மாதக் கடைசியில், பெங்களூரா ரக மாங்காய் லோடு லோடாக வந்து இறங்கும் நேரத்தில், மண்டிப் படியில் கால் லேசாகப் பிசகியது. விழவில்லை. மூன்றாம் நாள் செருப்பு வாருக்குள் கால் நுழையவில்லை. பாதம் சிவந்து, தொட்டால் சுட்டது. வலி மட்டும் இல்லை. கொஞ்சம் கனமாக இருந்தது, அவ்வளவுதான்.

முதலில் போன இடத்தில் "வலிக்குதா?" என்று கேட்டார்கள். "இல்லைங்க" என்றேன். சர்க்கரைக் காலில் கிருமி ஏறியிருக்கிறது என்று ஐந்து நாளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். காலில் காயம் இல்லை, காய்ச்சல் இல்லை, ரத்தப் பரிசோதனையிலும் வெள்ளணு ஏறவில்லை. பிறகு எந்த வழியாகக் கிருமி ஏறியது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இரண்டாவது இடத்தில் எக்ஸ்ரே எடுத்து, "எலும்பெல்லாம் நல்லா இருக்கு, சுளுக்குதான். வலி இல்லைன்னா தாராளமா நடங்க" என்றார்கள். நானும் தாராளமாக நடந்தேன். மூன்றாவது இடத்தில் கவுட் என்கிற மூட்டு வீக்கமோ என்று ரத்தத்தில் யூரிக் ஆசிட் பார்த்தார்கள், சரியாகவே இருந்தது. அப்புறம் மச்சான் ஒரு கட்டு வைத்தியரிடம் கூட்டிப்போனார். எண்ணெய் போட்டு அரைமணி நேரம் நீவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். உள்ளே நொறுங்கிக்கொண்டிருந்த எலும்பை நீவவிட்டு நான் ஆடாமல் உட்கார்ந்திருந்தேன். எக்ஸ்ரே படத்தையும் அங்கேயே மறந்துவிட்டு வந்தேன்.

எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. நான் சொன்ன பதிலும் ஒன்றுதான். அந்தப் பதிலே நோயின் அடையாளம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

கண்டுபிடித்தது அக்கா மகள். தருமபுரியில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். ஒரு விசேஷத்துக்கு வந்தவள் என் கட்டைப் பார்த்து அவிழ்க்கச் சொன்னாள். இரண்டு பாதத்தின் மேலும் புறங்கையை மாற்றி மாற்றி வைத்தாள். "மாமா, இது கொதிக்குது, அது ஜில்லுனு இருக்கு. இனிமே இந்தக் காலைத் தரையில வைக்காதீங்க" என்றாள். சர்க்கரைப் பாதத்துக்கென்று தனிப் பிரிவு உள்ள இடத்துக்கு, வேலூருக்குப் போகச் சொன்னாள்.

போனோம். பஸ்ஸில் இரண்டரை மணி நேரம், அங்கே வரிசையில் ஒன்றரை மணி நேரம். கடைசியில், பாதப் பிரிவு அன்றைக்குக் கிடையாது, வேறு நாளில்தான் என்று கவுண்டரில் சொன்னார்கள். பாதத்தின் மேலே கட்டி மாதிரி இருப்பதைக் கவுண்டரில் இருந்த பெண் கண்ணால் பார்த்தார், உட்கார ஒரு நாற்காலிகூடக் காட்டவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கும் நடந்தே திரும்பினேன். அன்று நடந்த நடையில் எத்தனை எலும்பு நகர்ந்ததோ. நீங்கள் போவதாக இருந்தால், எந்தக் கிழமை பார்க்கிறார்கள் என்று முதலில் போனில் கேளுங்கள். வாசலில் இறங்கியதும் சக்கர நாற்காலி கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

அடுத்த வாரம் காரில் போய், பாதப் பிரிவு மருத்துவரைப் பார்த்தோம். முந்தைய எக்ஸ்ரே எங்கே என்றார். கட்டு வைத்தியர் வீட்டில். அது இருந்திருந்தால் ஆறு வாரத்தில் எவ்வளவு மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். புதிதாக எடுத்த படத்தில் நடுப்பாத எலும்புகள் உடைந்து, ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருந்தன. தோலின் சூட்டை அளக்கும் கருவியில் இரண்டு காலுக்கும் 4 டிகிரி செல்சியஸ் வித்தியாசம். 2 டிகிரிக்கு மேல் போனாலே கவலைப்பட வேண்டுமாம். நைலான் இழை ஒன்றை உள்ளங்காலில் பத்து இடத்தில் வளையும்வரை அழுத்தினார், எனக்குத் தெரிந்தது மூன்று இடம்.

இதற்குத்தான் சார்கோ பாதம் என்று பெயர். பிரான்சு மருத்துவர் சார்கோ 1868இல் வேறொரு நரம்பு நோய் உள்ளவர்களிடம் பார்த்து விவரித்தது, சர்க்கரை நோயிலும் வருகிறது என்று 1936இல் எழுதப்பட்டதாம். இத்தனை காலமாகத் தெரிந்த நோய் என்று கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் பொறுமையாக விளக்கினார். சர்க்கரை வலி நரம்பை மழுங்கடிக்கிறது. அதனால் சின்ன விரிசல் விழுந்தாலும் தெரியாமல் அதன்மேலேயே நடக்கிறோம். ரத்தக்குழாயை அடக்கி வைக்கும் நரம்பும் கெடுவதால் எலும்புக்குள் ரத்தம் அதிகமாகப் பாய்கிறது. வீக்கமும் சேர்ந்து எலும்பை அரித்து மென்மையாக்குகிறது. மென்மையான எலும்பின்மேல் 78 கிலோ ஆளாக நான் மண்டிக்கும் வீட்டுக்கும் நடந்திருக்கிறேன். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ.யில் தெரியும். எதுவும் எடுக்க வழியில்லை என்றாலும், சூடு இருக்கும்வரை ஊன்றக்கூடாது என்பதுதான் முதல் வைத்தியம்.

அப்புறம் "கும்பிடுங்க" என்றார். கையைக் கூப்பினேன். உள்ளங்கைகள் ஒட்டவில்லை, விரல்களுக்கிடையே சந்து தெரிந்தது. பல வருடமாக இப்படித்தான் கும்பிட்டிருக்கிறேன், கவனித்ததில்லை. சர்க்கரை ஏறி ஏறித் தசைநாரும் மூட்டும் விறைத்துப்போனதன் அடையாளமாம். குதிகால் நரம்பு என்று நாம் சொல்கிறோமே, அந்தத் தசைநாரும் இப்படியே விறைத்தால் முன்பாதத்தில் எடை கூடுகிறது. வலது காலையும் காட்டினார். விரல்கள் கொக்கி மாதிரி மடங்கியிருந்தன. வயசானால் அப்படித்தான் ஆகும் என்று நினைத்திருந்தேன். பாதத்துக்குள் இருக்கும் சின்னத் தசைகள் நரம்பு கெட்டுச் சுருங்க, கெண்டைக்காலிலிருந்து வரும் பெரிய தசைகள் விரலை இழுத்து மடக்கிவிடுகின்றன. உள்ளங்காலில் விரல் கணுக்களுக்குக் கீழே இருக்கும் கொழுப்பு மெத்தையும் முன்னால் நகர்ந்துவிடுகிறது. எலும்பு நேரே தோலை அழுத்தி, முதலில் காய்ப்பு, அப்புறம் புண். என் வலது காலில் காய்ப்பு ஏற்கெனவே இருந்தது.

மாவுக்கட்டு நாலரை மாதம். பாதத்தோடு முழுக்க ஒட்டி, எடையைக் கால் முழுவதும் பகிர்ந்து விடுகிற தனி வகைக் கட்டு. வீக்கம் வடிய வடியத் தளரும் என்பதால் முதல் வாரமே மாற்ற வேண்டும், பிறகும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. இங்கேதான் நான் இரண்டாவது தப்பு செய்தேன். அலைச்சலுக்குப் பயந்து மூன்றாவது கட்டை உள்ளூரிலேயே போட்டுக்கொண்டேன். பஞ்சு நிறைய வைத்து, கை முறிவுக்குப் போடுவது போலப் போட்டார்கள். பஞ்சு அமுங்கிக் கட்டு லொடலொடவென்று ஆடியது. வலி தெரியாதே. கட்டின் ஓரத்தில் கறையும் ஒரு மாதிரி வாடையும் வந்ததை என் மனைவிதான் கவனித்தாள். அன்றைக்குச் சர்க்கரை 310. அன்றே கிளம்பினோம். கணுக்காலில் ஐம்பது பைசா அளவு புண். எலும்பு வரை போகவில்லை, தப்பித்தேன். கட்டு தளர்ந்தாலும், வாடை வந்தாலும், சர்க்கரை திடீரென்று ஏறினாலும் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

வீட்டில் உட்காருகிற கழிப்பறை இல்லாதவர்கள் கட்டுப் போடும் முன்பே அதற்கு வழி செய்துகொள்ளுங்கள். நாங்கள் நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் சமாளித்தோம். நாலரை மாதமும் எடையைத் தாங்கியது வலது கால். அதற்கும் இதே நோய் வரலாம் என்பதால் தினமும் அதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

இரண்டு காலின் சூடும் ஒன்றாகி, அடுத்தடுத்த முறையும் அப்படியே இருந்த பிறகுதான் கட்டை எடுத்தார்கள். புடைத்த எலும்பு புடைத்ததுதான், உள்ளே போகாது. மருத்துவர் அதை நேராகச் சொன்னார். கேட்டுவிட்டு வெளியே வந்து மனைவி அழுதாள்.

கட்டு எடுத்ததும் அவசரப்பட்டு ஊரில் ஒரு கடையில் 'டயபடிக் செருப்பு' என்று 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். மெத்தென்று இருக்கும், ஆனால் தட்டை. கோணலான காலுக்குத் தட்டைச் செருப்பு ஆகாது, புடைப்பு நேரே போய் அழுந்தும். காலை அச்செடுத்து, புடைப்புக்குப் பள்ளம் விட்டு, அடிப்பாகம் உருளுகிற மாதிரிச் செய்த ஷூதான் வேண்டும். எனக்கு அச்செடுத்தவர் சொன்னார்: இந்த எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பெல்லாம் முதலில் தொழுநோயாளிகளுக்காக வேலூர்ப் பக்கம் உருவானதாம். அந்த நோயிலும் காலில் உணர்ச்சி போய்விடும். பால் பிராண்ட் என்ற மருத்துவர் வேலூரில் அவர்களுக்காக வேலை செய்தவர். அந்த ஷூவில் முதல் நாள் அரைமணி நேரம் நடந்து, கழற்றி, கால் சிவந்திருக்கிறதா என்று பார்த்தோம். சிவக்கவில்லை. அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தார்கள், நான் இரண்டு ஸ்பூன் சாப்பிட்டேன்.

இப்போது மண்டிக்குப் போய்வருகிறேன், உட்கார்ந்த வேலை மட்டும். ராத்திரி படுக்கும் முன் மனைவி இரண்டு பாதத்திலும் புறங்கையை வைத்துப் பார்க்கிறாள், நான் நாள்காட்டியில் கோடு போடுகிறேன். அடுத்து 12ஆம் தேதி போக வேண்டும். கட்டு வைத்தியர் வீட்டிலிருந்து மச்சான் வாங்கி வந்த பழைய எக்ஸ்ரேயும் சேர்த்து ஏழு படத்தையும் மஞ்சள் பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டேன்.