கொச்சிக்கடை மெழுகுவர்த்தி

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் இருந்தேன். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்ததாகச் செய்தி வந்தது. முந்தின நாள்தான் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தோம். நாங்கள் சைவம்தான், ஆனால் அந்தோனியாரிடம் எல்லா மதத்தினரும் போவார்கள். அப்புறம் நீர்கொழும்பு, மட்டக்களப்பு, ஹோட்டல்கள் என்று வந்துகொண்டே இருந்தது. 250 பேருக்கும் மேல் இறந்துபோனார்கள்.

ஊரடங்கு. வாட்ஸ்அப்பும் முடக்கம். சிங்கப்பூரில், ஈசூன் வீட்டில் அம்மா தவித்துப்போனார்.

சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் நெஞ்சு லேசானது. அந்த நிம்மதிதான் இன்றும் உறுத்துகிறது. எனக்குத் திரும்பி வர ஒரு ஊர் இருந்தது. சித்திக்கு அதுதான் ஊர்.

நேற்று தேக்காவில் காய்கறி வாங்கும்போது சித்தி அழைத்தார். கொச்சிக்கடைக்குப் போனாராம். என் பேரிலும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாராம்.