அம்மா வைச்ச நேர்த்தி: வோல்சிங்ஹாம் மாதாவிட்ட வெறுங்காலோட

ஒன்பது வருசமா இழுபட்ட நேர்த்தி இது. என்ர மகள் 28 கிழமையில பிறந்தவ. இன்கியூபேட்டருக்க கிடந்த பிள்ளைக்கு, சுவாமியார் வந்து சிறிஞ்சால ரெண்டு துளி தண்ணி விட்டு ஞானஸ்நானம் குடுத்த அண்டைக்கு, அம்மா கண்ணாடிக்கு வெளியில நிண்டு "வோல்சிங்ஹாம் மாதாவே, இந்தப் பிள்ளை பிழைச்சால் நான் செருப்பில்லாமல் நடந்து வருவன்" எண்டு நேர்ந்தவ. பிள்ளை பிழைச்சுது. அம்மாக்கு முழங்கால் வருத்தம், பிறகு கொரோனா, பிறகு அம்மாவே இல்லை. அதால இந்த ஜூலை, இங்கிலாந்தில நோர்போக்கில இருக்கிற வோல்சிங்ஹாம் மாதாட்டப் போற தமிழ் யாத்திரைக்கு நானும் மகளும் போனம்.

லண்டனில இருந்து விடிய நாலு மணிக்கு கோச். நோர்போக் ஒழுங்கையள் எல்லாம் ஒரு வாகனம்தான் போகலாம், கடைசி ரெண்டு மைல் ஊர்ந்து ஊர்ந்துதான் போனது. இறங்கினால் திருவிழாச் சனம், டொய்லெட்டுக்கு முக்கால் மணித்தியாலம் லைன். இதெல்லாம் பரவாயில்லை, மாதாவுக்கு முன்னால போனைத் தூக்கிப் பிடிச்சு வீடியோ எடுத்துக்கொண்டு அசையாமல் நிக்கிறதுதான் மனசுக்குக் கஷ்டமா இருந்தது. பின்னால வயசு போனதுகள் நிக்கிறது தெரியேல்லையா?

நேர்த்தி தொடங்கிறது ஸ்லிப்பர் சப்பல் எண்ட சிற்றாலயத்தில. 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம், சின்னன்தான். அந்தக் காலத்தில யாத்திரிகர் இதில செருப்பைக் கழட்டிப்போட்டு மிச்ச ஒரு மைலையும் வெறுங்காலோட நடப்பினமாம். 1061இல ரிச்செல்டிஸ் எண்ட அம்மாவுக்கு மாதா காட்சி குடுத்து, நாசரேத் வீட்டைப்போல இஞ்சயும் ஒண்டு கட்டச் சொன்னவ எண்டது பரம்பரையா வாற நம்பிக்கை. எட்டாம் ஹென்றி அரசனும் இந்த வழியால வெறுங்காலோட நடந்தவன் எண்டு சொல்லுவினம். அதே அரசன்ர ஆக்கள்தான் 1538இல வோல்சிங்ஹாமில இருந்த துறவியள் மடத்தை மூடி, மாதாட சுரூபத்தை லண்டனுக்குக் கொண்டுபோய் எரிச்சவை. இதைக் கேக்கேக்க எனக்கு இலங்கையில மன்னார்ப் பக்கம் இருக்கிற எங்கட மடுமாதாதான் ஞாபகம் வந்தவ. ஒல்லாந்தர் காலத்தில மாந்தையில இருந்து காட்டுக்க தூக்கிக்கொண்டு ஓடிக் காப்பாத்தின சனம் எங்கட சனம், 2008இல சண்டைக்க தேவன்பிட்டிக்கும் அப்பிடித்தான் தூக்கிக்கொண்டு போனவை. இஞ்ச அந்த மாதாவைத் தூக்கிக்கொண்டு ஓட ஒருத்தரும் இல்லாமல் போச்சு. இந்தச் சப்பலும் மாட்டுக்கொட்டிலாக் கூடக் கிடந்திருக்கு. 1890களில ஒரு புண்ணியவதி விலைக்கு வாங்கித் திருத்த, 1934இலதான் திரும்பப் பூசை.

செருப்பைக் கழட்டிப் பையுக்க வைச்சிட்டு நடந்தம். தார் சுட்டது, பிறகு சின்னக் கல்லுகள், மகள் கால் மாத்தி மாத்தி வைச்சுக்கொண்டு வந்தவ, ஆனா செருப்புக் கேக்கேல்லை. செபமாலையில மூண்டாவது காரணிக்கம் (மூண்டாவது பத்து மணி) சொல்லேக்க எனக்குக் குதிக்கால் வெடிச்சு ரத்தம் வந்திட்டுது. அம்மா இதைச் செய்திருக்கவே ஏலாது எண்டு அப்பதான் விளங்கினது.

லிட்டில் வோல்சிங்ஹாம் ஊரில பழைய பங்குக்கோயில் இருக்கு, சென் மேரிஸ். இப்ப இங்கிலாந்துச் சபைக்காரற்ற கோயில், கன பேர் அதை எட்டிப் பாக்காமலே போயிடுவினம். சும்மா இளைப்பாறத்தான் நாங்கள் உள்ளுக்குப் போனது. அந்தப் பக்கம் நல்ல கட்டடக் கல்லுக் குறைவு, அதால பழைய கோயில் சுவர் எல்லாம் நிலத்தில பொறுக்கின சிக்கிமுக்கிக் கல்லு. 1961 ஜூலையில நெருப்புப் பிடிச்சு உள்ளுக்க எல்லாம் எரிஞ்சு போச்சு. கோபுரம் தப்பினது, 1964இல திரும்பக் கட்டி முடிச்சவை. அதால உள்ளுக்க வெளிச்சமா, புதுசு மாதிரி இருக்கு.

ஆனா ஞானஸ்நானத் தொட்டி எரியேல்லை. 15ஆம் நூற்றாண்டுத் தொட்டி, எட்டுப் பக்கம், படிக்கு மேல உயரத்தில நிக்குது. ஏழு பக்கத்தில ஏழு தேவதிரவிய அனுமானமும் (ஞானஸ்நானம் மாதிரியான திருச்சடங்குகள்) செதுக்கியிருக்கு, எட்டாவதில சிலுவையில ஆண்டவர். உருவங்கள் தேஞ்சு சிதைஞ்சுதான் கிடக்கு. மகள் சுத்திச் சுத்திப் பாத்திட்டு "அம்மா, இதில பேபி இருக்கு" எண்டா. சுவாமியார் பிள்ளையைத் தொட்டிக்கு மேல பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். நான் மற்றப் பக்கம் வந்தன், அங்க கட்டிலில ஒரு ஆள் படுத்துக் கிடக்க அவஸ்தைப் பூசுதல் குடுக்கினம். எனக்குக் கால் அசையேல்லை. இந்தப் பக்கம் என்ர பிள்ளை, அந்தப் பக்கம் என்ர அம்மா, ஒரே கல்லில. அம்மாக்குக் கடைசி எண்ணெய் பூசேக்க நான்தான் கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். அந்தக் கல்லு குளிரா இருந்தது, நெத்தியை வைச்சு அழுதன், எவ்வளவு நேரம் எண்டு தெரியாது. அவ்வளவு சனத்துக்க வந்த எங்களுக்கு அந்த நேரம் அந்தக் கோயிலுக்க ஒருத்தரும் இல்லாமல் வைச்சதும் மாதாதான், எனக்கு அதில சந்தேகமே இல்லை.

திரும்பி வந்து தமிழ்ப் பூசை கண்டம். பாட்டுத் தொடங்கேக்கயே எனக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு, பிரசங்கம் ஒண்டும் மண்டைக்க ஏறேல்லை. கடைசியா லைனில நிண்டு மாதாவுக்கு முன்னால போனன். அம்மாட செபமாலையை மகளின்ர கையில குடுத்து, "அம்மம்மா வாறன் எண்டு சொன்னவ, வந்திட்டா எண்டு சொல்லு" எண்டன். அவ அப்பிடியே, நல்லாச் சத்தமாச் சொன்னவ. பின்னால நிண்ட அக்கா ஒராள் "கெதியா வாங்கோ தங்கச்சி" எண்டு சொல்ல வாயெடுத்தவ, அதைக் கேட்டிட்டுப் பேசாமல் ஒரு மெழுகுதிரியை எடுத்து மகளிட்டக் குடுத்தா. தாயே, உமக்குக் கோடி தோத்திரம்.