மேற்குச் சுவரில் கேட்ட ஹல்லேல்

கூடாரப் பண்டிகை நாட்களில் எருசலேமில் இருக்கக் கிடைத்தது தேவன் தந்த பாக்கியம். பழைய தேவாலய வளாகத்தின் மேற்குச் சுவருக்கு நாங்கள் போனபோது, யூதர்கள் காலை ஜெபத்தில் ஹல்லேல் என்னும் துதிப்பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். அது நமக்குப் புதிய பாட்டல்ல. நம் வேதாகமத்தின் 113 முதல் 118 வரையுள்ள சங்கீதங்கள்தான்.

அருகில் ஒரு பெரியவர், வெள்ளைச் சால்வையைத் தலைமேல் இழுத்துப் போர்த்தியிருந்தார். வலது கையில் விரியாத பேரீச்சங்குருத்து, அதோடு சேர்த்துக் கட்டிய மிருதுச்செடி, ஆற்றலரிக் கிளைகள். இடது கையில் நாரத்தங்காய் சாயலில் எத்ரோக் கனி. “கர்த்தரைத் துதியுங்கள், அவர் நல்லவர்” என்ற 118-ஆம் சங்கீத வசனம் வந்ததும், நான்கு திசைகளிலும், பிறகு மேலும் கீழும் அசைத்தார். எபிரேயத்தில் அந்த வசனத்துக்கு ஏழு சொற்கள்; திசைகளோ ஆறு. கர்த்தருடைய நாமத்தைச் சொல்லும்போது மட்டும் குருத்து அசையவில்லை. அந்த பயபக்தியைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கூடாரப் பண்டிகையின் ஏழு நாளும் ஹல்லேலை முழுதாகப் பாடுவார்கள். எகிப்திலிருந்து பெற்ற விடுதலையை நினைவுகூரும் பஸ்காவில் அப்படியில்லை. இஸ்ரவேலில் முதல் நாள் மட்டுமே முழுப் பாட்டு. மற்ற நாட்களில் 115, 116-ஆம் சங்கீதங்கள் ஒவ்வொன்றிலும் முதல் பதினொரு வசனங்களை விட்டுவிடுவார்கள். இதற்கு ரபிமார் சொல்லும் காரணங்களில் ஒன்று என் மனதை உலுக்கிவிட்டது. எகிப்தியர் கடலில் மூழ்கியபோது தூதர்கள் பாட எழும்ப, “என் கைகளின் கிரியை கடலில் அழிகிறது, நீங்கள் பாடுவீர்களோ?” என்று கர்த்தர் கேட்டாராம். இது ரபிமாரின் போதனைத் தொகுப்பான தல்மூதில் இருக்கிறது. விரோதியின் சாவுக்காகத் துதியையே குறைத்துக்கொள்கிற ஜனம்! விடுதலைப் பாட்டுக்கு இதைவிட ஆழமான பொருள் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் ஒலிவமலை அடிவாரத்துக்கு, கெத்செமனேக்குப் போனோம். கடைசிப் பஸ்கா இரவில் இயேசுவும் சீஷர்களும் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடிவிட்டு இங்கேதான் வந்தார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். அந்தப் பாட்டு ஹல்லேல்தான் என்பது வேத அறிஞர் பலரின் கருத்து. பஸ்கா விருந்து முடிந்ததும் பாடும் பகுதியில் 116-ஆம் சங்கீதமும் உண்டு. ஒலிவ மரங்களுக்குப் பக்கத்தில் நின்று அதைச் சத்தமாக வாசித்தோம்: “இரட்சிப்பின் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொள்ளுவேன்.” இதைப் பாடிய வாயால்தானே ஆண்டவர் அதே இரவில், “இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால்” என்று மன்றாடினார்! அதற்குமேல் எங்களில் ஒருவராலும் வாசிக்க முடியவில்லை.