பாட்டிக்குத் தெயிரெ கிடையாது

ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் தேர்வின் என்2 நிலைக்குப் படித்தபோது என் மனப்பாட அட்டைகளில் முன்பக்கம் ஜப்பானியச் சொல், பின்பக்கம் ஒரே ஒரு தமிழ்ச் சொல். ‘தெயிரெ’ அட்டையின் பின்னால் ‘பராமரிப்பு’ என்று எழுதியிருந்தேன். அகராதிப்படி தப்பே இல்லை. அந்தத் தைரியத்தில், ஊரில் பாட்டியின் தெயிரெயை அம்மாதான் செய்கிறார் என்று வகுப்புக் கட்டுரையில் எழுதிவைத்தேன். ஓரத்தில் ஆசிரியையின் சிவப்பு மை: “பாட்டி என்ன போன்சாய் மரமா?”

தமிழில் பெற்றோரையும் பராமரிக்கலாம், பம்பு செட்டையும் பராமரிக்கலாம். ஜப்பானிய மொழியில் அது நடக்காது. குழந்தைக்கும் நாய்க்கும் ‘ஸெவா’. முதியவரைக் குளிப்பாட்டி ஊட்டிவிடுவது ‘கைகொ’ (பாட்டிக்குக் கைகொடுப்பது என்று மனதில் போட்டுக்கொண்டேன்). மெக்கானிக் காருக்குச் செய்வது ‘ஸெய்பி’, உடைந்ததைச் சரிசெய்வது ‘ஷூரி’. நன்றாக இருக்கும் பொருள் நன்றாகவே இருக்க அவ்வப்போது கை போடுவதுதான் தெயிரெ: தோட்டத்தில் கிளை கழிப்பது, சமையல் கத்தியைத் தீட்டி ஈரம் போகத் துடைப்பது, தோல் ஷூவுக்குக் க்ரீம் தடவுவது, தலைமுடி, முகம். ‘தெ’ என்றால் கை, ‘இரெ’ என்றால் இடுவது.

இதே கையும் இடுவதும் வேறு வேஷத்திலும் வரும். ‘தெ ஒ இரெரு’ என்றால் எழுதியதைத் திருத்துவது. ‘தெ நி இரெரு’ என்றால் ஒன்றைக் கைவசப்படுத்துவது. நடுவில் ஓரெழுத்துதான் வித்தியாசம். செய்தியில் ‘போலீஸ் தெயிரெ’ என்று பார்த்தபோது, போலீசுக்கு எதற்குத் தோட்ட வேலை என்று விழித்தேன். அது ரெய்டு!

தேர்வில் இது ‘யோஹோ’ (சொல் பயன்பாடு) பகுதியில் கடிக்கும். ஒரு சொல், நான்கு வாக்கியங்கள். சரியாகப் புழங்கியது எது என்று கேட்பார்கள். இலக்கணத்தில் பிழை தேடிப் பயனில்லை, கூட நிற்கும் சொல்லில்தான் விஷயம். ஒற்றைச் சொல் அட்டையோடு போனால் நான்குமே சரி போலத் தெரியும். வாசிப்பும் சேர்த்து மொத்தமே 105 நிமிடம், இங்கே உட்கார்ந்து யோசிக்க நேரம் ஏது?

அப்புறம் அட்டைகளைத் திருப்பி எழுதினேன். முன்பக்கம் ‘நிவா நொ தெயிரெ’ என்று தோட்டத்தோடு சேர்த்தே. பின்பக்கம் கத்தி, ஷூ, முடி; அதற்குக் கீழே, சேராதவை. ஒரு நாளைக்கு 20 சொல் என்பது எட்டாகக் குறைந்தது. குறையட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த அட்டையில் சேராதவை வரிசையில் முதல் பெயர் பாட்டி.