மூன்றாவது டப்பாவில்தான் கிடைத்தது

மே லீவுக்கு மகளைக் காங்கேயத்துப் பக்கம் என் அம்மா வீட்டில் விட்டிருந்தோம். திரும்பி வந்து பத்து நாள் இருக்கும், வயிறு போக ஆரம்பித்தது. ரத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை. வெளிறிப்போய் எண்ணெய்ப் பசையோடு போகும், எத்தனை போசி தண்ணீர் ஊற்றினாலும் மிதக்கும், நாற்றம் தாங்காது. ஏப்பம் விட்டால் அழுகிய முட்டை வாடை. இரண்டு நாள் நன்றாக இருப்பாள், சரி தேறிவிட்டாள் என்று நினைத்தால் மூன்றாம் நாள் மறுபடியும். செலவு ரசம் வைத்தோம், மோர்ச்சோறு கொடுத்தோம். ஆறு வயதுப் பிள்ளை, மூன்று வாரத்தில் இரண்டு கிலோ இறங்கிவிட்டாள். யூனிஃபார்ம் பாவாடைக்கு ஊக்கு குத்தித்தான் பள்ளிக்கு அனுப்பினேன்.

முதலில் போன இடத்தில் மலம் டெஸ்ட் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்று வந்தது, செரிமானக் கோளாறு என்று சிரப் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை நம்பிப் பத்து நாள் சும்மா இருந்துவிட்டேனே என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. அடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "ஒரு தடவை பார்த்தாப் போதாதுங்க, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூணு டப்பா கொண்டு வாங்க" என்றார். மூன்றாவது டப்பாவில்தான் கிடைத்தது. ஜியார்டியா.

ஏன் மூன்று என்றால், இந்த ஒட்டுண்ணி தினமும் மலத்தில் வெளியே வருவதில்லை. இன்றைக்கு ஏராளமாக வரும், நாளைக்கு ஒன்றுகூட இருக்காது. சிறுகுடலின் உள்சுவரில் உறிஞ்சி மாதிரி ஒட்டிக்கொண்டு கொழுப்பு சரியாகச் சேரவிடாமல் செய்கிறது, அதனால்தான் மலம் எண்ணெய்ப் பசையோடு போகிறது. லேபில் இருந்த தம்பி மைக்ராஸ்கோப்பில் காட்டினார்: அயோடின் சாயத்தில் பழுப்பு மஞ்சளாக, முட்டை வடிவில், உள்ளே நூல் போலக் கோடுகள். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் இருக்கும். 1681-லேயே லீவன்ஹுக் என்ற டச்சுக்காரர் தனக்கு வயிறு போனபோது தன் மலத்தை லென்ஸில் வைத்துப் பார்த்து இந்த ஒட்டுண்ணியைக் கண்டிருக்கிறார்.

அந்த முட்டை வடிவம், ஒட்டுண்ணி ஓடு போர்த்திக்கொண்ட நிலை; சிஸ்ட் என்பார்கள். பத்து சிஸ்ட் வயிற்றுக்குள் போனாலே போதும், நோய் வரலாம். குளிர்ந்த தண்ணீரில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூடக் கிடக்கும். ஊருக்குப் போய்ப் பார்த்தேன்: ஆற்றுத்தண்ணீர் பிடித்து வைக்கும் சம்ப்பின் ஓரத்தில் விரல் நுழையும் விரிசல், பத்தடி தள்ளிக் கக்கூஸ் குழி. அங்கிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் எனக்கு அந்தச் சந்தேகம்தான். அப்பா மாசாமாசம் பிளீச்சிங் பவுடர் போடுகிறார். குளோரினுக்கு இந்த சிஸ்ட் அவ்வளவு எளிதில் சாகாது. கொதிக்க வைத்தால் செத்துவிடும்: தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட வேண்டும். கையில் தடவும் சானிடைசரும் இதற்கு ஆகாது, சோப்புப் போட்டுத்தான் கழுவ வேண்டும். பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரை இருக்கிறதே என்று நானும் நினைத்தேன், அது புழுக்களுக்கானது, அந்த ஒரு வேளை இதற்குப் போதாது.

டாக்டரம்மா எழுதிய மருந்தில் ஒரு வாரத்தில் வயிறு போவது நின்றது. ஆனால் பால் குடித்தால் மட்டும் உப்புசமும் போக்கும். குடல் சுவர் அடிபட்டதால் பால் சர்க்கரை கொஞ்ச நாள் செரிக்காதாம். அம்மாவிடம் இதைப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. "பாலுக் குடுக்காட்டி புள்ளை எப்படித் தேறுங் கண்ணு?" என்று தினமும் போன். எருமைப் பாலைச் சுண்டக் காய்ச்சி நம்மை வளர்த்தவர்களுக்கு அது மனசு கேட்காது, அதுவும் எனக்குத் தெரியும்.

ஐந்து வாரம் கழித்துப் போன ஞாயிற்றுக்கிழமை அரை டம்ளர் கொடுத்துப் பார்த்தேன். ராத்திரி வரைக்கும் ஒன்றும் இல்லை. அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன், அப்பா சம்ப்பைப் பூசக் கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறாராம்.