சித்தன்னவாசல் தாமரைக்குளம்: ஆட்டோவுக்கு அழுதது போக

முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். புதுக்கோட்டையிலிருந்து சித்தன்னவாசல் சுமார் 16 கி.மீ. அன்னவாசல் பஸ்ஸில் ஏறினால் சில்லறைக் காசோடு முடிந்துவிடும். பஸ் வரக் காணோம், வெயிலும் ஏறுகிறதே என்று ஆட்டோவைக் கேட்டால் போய்வர 700 ரூபாய் என்றார். பேரம் பேசி 550-க்கு ஒத்துக்கொண்டவர், திரும்பி வந்து இறங்கும்போது 'வெயிட்டிங்' என்று இன்னொரு 50 பிடுங்கிக்கொண்டார். பேசிய காசு பேசிய காசுதானே? அநியாயம்!

ஆனால் அங்கே பாறையைக் குடைந்து செய்த சமணக் கோயிலான அறிவர் கோயிலின் அர்த்த மண்டபத்தில் (கருவறைக்கு முன்னுள்ள மண்டபம்) நின்று அண்ணாந்து பார்த்ததும் அந்த எரிச்சல் போன இடம் தெரியவில்லை. கூரை முழுக்க ஓவியமாய் ஒரு தாமரைக்குளம்! மொட்டு, பாதி விரிந்தது, முழுக்க மலர்ந்தது, காற்றில் மடங்கிய இலை. நடுவில் மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானைகள். பூப்பறிக்க இறங்கிய மூன்று ஆண்கள். ஒருவர் கையில் தண்டோடு தாமரை. 9-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கால வேலை. மண்டபத்தைப் புதுப்பித்தவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று வெளியே கல்வெட்டே இருக்கிறது.

நம் ஊர்க் குளம் மாதிரி இருக்கிறதே என்று கடந்துவிடாதீர்கள். சமண மரபில் தீர்த்தங்கரர் (சமணர் வணங்கும் ஞானி, அருகன் என்றும் சொல்வார்கள்) அறம் உரைக்கும் தெய்வீக மண்டபம் சமவசரணம். அங்கே போகும் வழியில் உள்ள நீர்நிலைதான் இது என்கிறார்கள். பூப்பறிப்பவர்கள் பவ்வியர், அதாவது வீடுபேற்றுக்குத் தகுதி பெற்ற உயிர்கள். அறவுரை கேட்கப் போகிறவர்கள் வழியில் தாமரை பறிக்கிறார்கள். அருகன் நடக்கும் இடமெல்லாம் தேவர்கள் பொற்றாமரை பரப்புவார்கள் என்பதும் சமணர் நம்பிக்கை. குறளின் 'மலர்மிசை ஏகினான்' அருகனைத்தான் குறிக்கிறது என்று அவர்கள் வாதிடுவதும் இதை வைத்துத்தான்.

மற்ற இடங்களில் தாமரை பெரும்பாலும் பீடமாக, எண்ணி வைத்த இதழ்களோடு விறைப்பாக இருக்கும். இங்கே எருமை கலக்கிய தண்ணீரில் நிற்கிறது. புனிதமான பூவை இப்படிச் சேற்றோடும் மாட்டோடும் சேர்த்து வரையத் துணிந்தானே, அந்த ஓவியன் கையைக் கும்பிட வேண்டும். 'தமிழகத்தின் அஜந்தா' என்று ஆளாளுக்குச் சொல்வது எனக்குப் பிடிக்கவே இல்லை. இதற்கு எதற்கு இன்னோர் இடத்தின் பெயர்?

காரை பெயர்ந்து நிறைய அழிந்துவிட்டது, மனசு வலிக்கிறது. கண் இருட்டுக்குப் பழகும்வரை பொறுமையாக நில்லுங்கள், சிவப்புக் கோடுகள் மெல்லத் தெளியும். நான் போனபோது உள்ளே வந்த ஒரு குடும்பம் செல்ஃபி எடுத்துவிட்டு உடனே கிளம்பிவிட்டது. இவ்வளவு தூரம் வந்து அதற்கா?

மலைமேல் இருக்கும் ஏழடிப்பட்டம் என்ற குகையையும் விட்டுவிடாதீர்கள். வழவழவென்று தேய்த்த சமணர் கற்படுக்கைகள், தமிழ்-பிராமி எழுத்து எல்லாம் அங்கேதான். வெயிலுக்கு முன்னால் ஏறிவிடுங்கள், பாறை கொதிக்கும். தண்ணீர் கையோடு வேண்டும்.

மதியம் புதுக்கோட்டையில் புரோட்டாவும் முட்டை மாஸும். ஆட்டோவுக்கு அழுததில் பாதிகூட ஆகவில்லை, ருசி அபாரம். அடுத்த முறை பஸ்தான், எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருந்தாலும் சரி.