பித்தளைத் தட்டில் ஐஸ் கட்டி: இணையவழி அறிவியல் பயிற்சியை முடித்த அனுபவம்

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் எடுக்கிறேன். தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு எங்கள் வட்டாரத்தில் நடந்த இணையவழி அறிவியல் பயிற்சியை இந்தக் கல்வியாண்டில் முடித்தேன். அடுத்த அணியில் சேரப்போகிறவர்கள் முதலில் கேட்பது, "சான்றிதழ் எப்போது வரும் டீச்சர்?" என்பதுதான். அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், பிள்ளைகளின் தலைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் பாடத்தைத் தொடங்க இந்தப் பயிற்சி என்னைப் பழக்கியதுதான்.

இணையவழிப் பயிற்சி நம் யாருக்கும் புதிதல்ல. 2020 அக்டோபரில் மத்திய அரசின் நிஷ்டா ஆசிரியர் பயிற்சி, தீக்‌ஷா என்ற இணையக் கல்வித் தளத்தில் 18 கட்டகங்களாக (பாடப் பகுதிகளாக) வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அறிவியல் கற்பித்தலுக்கும் அதில் ஒரு கட்டகம் இருந்தது. கொரோனா காலம், பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. திரையில் பார்த்ததைப் பிள்ளைகளிடம் செய்துபார்க்க வழியே இல்லை. இந்த முறை இரவில் பார்த்த பாடத்தை மறுநாள் காலையில் வகுப்பில் சோதித்துப் பார்க்க முடிந்தது. அதனால் பயிற்சியின் தன்மையே மாறிவிட்டது.

சேர்வதற்கு முன் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். உங்கள் பெயர் சுயவிவரத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியேதான் சான்றிதழில் அச்சாகும். முன்னெழுத்து, எழுத்துக்கூட்டல் எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகு பாடத்தில் சேருங்கள். விவரங்களைப் பகிர ஒப்புதல் கேட்கும்போது அவசரத்தில் தாண்டிவிட வேண்டாம். அணிக்கு முடிவுத் தேதி உண்டு. கடைசி நாளுக்கு ஒத்திப்போடாதீர்கள். காணொளிகளை நல்ல சிக்னல் உள்ள இடத்திலேயே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இது நம் பக்கத்து ஆசிரியர்களுக்கு அவசியம். நான் குடியிருப்பது பழைய நகரத்தார் வீடு ஒன்றின் இரண்டாம் கட்டுப் பகுதியில். சுண்ணாம்புக் காரைச் சுவர்கள் அத்தனை தடிமன். உள்ளறையில் போனில் ஒரு கோடுகூட நிற்காது. வானம் தெரிகிற வளவுக்கு, அதாவது நடு முற்றத்துக்கு, வந்தால்தான் பாடம் ஓடும். வீட்டுக்கார ஆச்சி தாழ்வாரத்தில் ஒரு நாற்காலியையே எனக்கென்று ஒதுக்கிக் கொடுத்துவிட்டார்.

வெப்பம் பற்றிய பகுதியில் ஒரு செயல்பாடு. அறையில் உள்ள பொருட்களைத் தொட்டுப் பார்த்து, எது அதிகக் குளிர்ச்சி என்று வரிசைப்படுத்த வேண்டும். பிறகு வெப்பநிலையை அளக்க வேண்டும். காணொளியில் மேசை, இரும்பு அலமாரி, புத்தகம் ஆகியவற்றைக் காட்டினார்கள். எங்கள் ஊரில் இதற்கு இன்னும் நல்ல பொருள் இருக்கிறது. வீட்டில் மிச்சமாகக் கிடந்த ஓர் ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் சிமெண்ட் கல்), ஒரு பித்தளைத் தட்டு, ஒரு தேக்குப் பலகை, ஒரு பாய்த் துண்டு ஆகியவற்றை எடுத்துப் போய் முதல் நாள் மாலையே வகுப்பு மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். பித்தளைதான் அதிகச் சில், அடுத்து கல், பிறகு பலகை, கடைசியில் பாய் என்று ஒரே குரலில் சொன்னார்கள். "அப்படியானால் வெப்பமானியில் எது குறைவாகக் காட்டும்?" என்றேன். "பித்தளை!" வெப்பமானியின் குமிழை ஒவ்வொன்றின் மேலும் வைத்து, பஞ்சால் மூடி, காத்திருந்து அளந்தோம். எல்லாமே 30 டிகிரியை ஒட்டியே நின்றன. வெப்பமானி கெட்டுவிட்டது என்றான் ஒருவன். இன்னொன்றைக் கொண்டுவந்தேன். அதுவும் அதையே காட்டியது.

உள்ளங்கை சுமார் 33 டிகிரியில் இருக்கிறது. தொட்டதும் பித்தளை நம் கை வெப்பத்தைச் சட்டென்று இழுத்துக்கொண்டு போகிறது. மரமும் பாயும் மெதுவாக இழுக்கின்றன. நாம் 'குளிர்ச்சி' என்று உணர்வது, கையிலிருந்து வெப்பம் போகும் வேகத்தை. இந்த விளக்கம் பாடப்புத்தகத்தை வைத்து எவரும் சொல்லக்கூடியதுதான். ஆனால் பித்தளையே குளிர்ந்தது என்ற நம்பிக்கையைப் பிள்ளைகள் வாயால் முதலில் சொல்ல வைக்காமல் விளக்கத்துக்குப் போனால், அதைப் பரீட்சைக்கு எழுதிவிட்டுப் பழைய நம்பிக்கையோடுதான் வீட்டுக்குப் போவார்கள்.

அடுத்து ஐஸ் கட்டி. கடையில் வாங்கி பிளாஸ்கில் கொண்டுபோயிருந்தேன். ஒரே அளவு கட்டி, பித்தளைத் தட்டில் ஒன்று, தேக்குப் பலகையில் ஒன்று. எது முதலில் கரையும்? பித்தளை சில்லென்று இருப்பதால் அதில்தான் ஐஸ் நிற்கும் என்று பாதி வகுப்பு கை தூக்கியது. தட்டில் வைத்த கட்டி கண்ணெதிரே அடியில் நீர் விட்டு வழுக்கத் தொடங்கியது. பலகையில் வைத்தது வைத்தபடி உட்கார்ந்திருந்தது. யாரும் எதுவும் சொல்லும் முன்பே பின் வரிசையிலிருந்து ஒரு பெண், "தட்டு ஐஸுக்குச் சூட்டைக் கொடுக்கிறது டீச்சர்" என்றாள். வெப்பம் இரு திசையிலும் போகும் என்பதை அவளே எட்டிப்பிடித்துவிட்டாள். இந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை மணி நேரக் காணொளி வேண்டுமானாலும் பார்க்கலாம்.

வாரந்தோறும் மாலையில் நேரலைக் கூட்டம் இருந்தது. தயவுசெய்து கேமராவை அணைத்துவிட்டு வேறு வேலை பார்க்காதீர்கள். பயிற்சியின் உயிரே அதில்தான் இருக்கிறது. நான் ஆத்தங்குடிக் கல் சோதனையைச் சொன்னதும் தேவகோட்டைப் பக்கத்து சார் ஒருவர், "ஏன் டீச்சர், வீட்டுத் தரையிலேயே அளக்கலாமே?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பதித்த தரை மண்ணோடு ஒட்டியிருப்பதால் பகலில் அறைக் காற்றைவிட உண்மையிலேயே சற்றுக் குளிர்ந்திருக்கக்கூடும். அப்போது இரண்டு காரணங்கள் கலந்துவிடும். அதனால்தான் தனிக் கல். அங்கிருந்து பேச்சு ஆத்தங்குடிக் கல் செய்யும் முறைக்குப் போனது. கண்ணாடித் தகட்டின் மேல் நிறக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள். சூளையில் சுடுவதே இல்லை. சிமெண்ட் இறுகுவது காய்வதால் அல்ல, நீரோடு நடக்கும் வேதிவினையால் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எட்டாம் வகுப்புக்கு எங்கே கிடைக்கும்?

மின்சாரப் பாடத்துக்கு, சோதனைகளைத் திரையிலேயே செய்துபார்க்க உதவும் ஃபெட் (PhET) பாவனைச் செயலிகளைப் பயன்படுத்தச் சொன்னார்கள். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் அது, இலவசம், தமிழிலும் பல கிடைக்கின்றன. பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடுகிறது என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் நினைக்கிறார்கள். பல்புக்கு முன்னும் பின்னும் அம்மீட்டர் வைத்து ஒரே அளவைக் காட்டியபோது அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. ஆனாலும் டார்ச் செல், கம்பி இரண்டும் பிள்ளைகள் கையில் இருந்த பிறகே திரையைக் காட்ட வேண்டும் என்பது என் கருத்து.

மனம் வலித்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மதிப்பீட்டு வினாக்களின் விடைகள் வாட்ஸ்அப் குழுக்களில் வந்துவிடுகின்றன. வேலைப்பளு எனக்கும் தெரியும். பள்ளி விவரங்களை இணையத்தில் பதிவேற்றும் வேலையே நம் நேரத்தில் பாதியைத் தின்கிறது. ஆனாலும் விடையைப் பார்த்து அழுத்தினால், தவறான விருப்பத்தேர்வு ஏன் கவர்ச்சியாக இருக்கிறது என்று யோசிக்கிற வாய்ப்பு போய்விடும். அந்தத் தவறான விடைதான் நாளை நம் வகுப்பில் ஒரு பிள்ளை சொல்லப்போகிற விடை.

சான்றிதழ் உடனே வராது. எல்லாப் பகுதிகளும் முழுமையடைந்து மதிப்பீட்டில் தேறிய பிறகு, சில நாட்களில் சுயவிவரப் பக்கத்தில் வந்து நிற்கும். சிக்னல் இல்லாமல் பார்த்த பாடங்கள் பதிவாகியிருக்கின்றனவா என்று இணைப்பு கிடைத்ததும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசுப் பள்ளிகளில் அறிவியல், கணிதச் சோதனைகளைச் செய்துகாட்டும் தமிழக அரசின் வானவில் மன்றம் 2022 நவம்பர் 28-இல் தொடங்கிய பிறகு, எங்கள் பிள்ளைகளுக்குச் சோதனை என்றால் அதன் கருத்தாளர் வருகிற நாள் என்றாகியிருந்தது. இப்போது சாதாரண செவ்வாய்க்கிழமையிலும் மேசையில் ஏதாவது இருக்கிறது. இன்னொரு வாய்ப்பும் நம் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியிலேயே இருக்கிறது. டார்ச் செல் ஏன் தீர்ந்துபோகிறது என்று கேட்கிற பிள்ளையை அங்கே அழைத்துப்போக அனுமதி கேட்டு எழுத, தலைமையாசிரியரிடம் பேசியிருக்கிறேன்.

ஐஸ் கரைந்த அன்று ஒரு பையன் கேட்டான்: "கோடையில் அறையே 39 டிகிரி இருந்தால் பித்தளை எப்படி இருக்கும் டீச்சர்?" அப்போது கையைவிடப் பித்தளை சூடு, அது வெப்பத்தை வேகமாகக் கைக்குக் கொடுக்கும், ஆகவே அதே தட்டு பலகையைவிடச் சுட வேண்டும். ஏப்ரல் பிற்பகல் ஒன்றில் இதைத் தொட்டுப் பார்த்து, அளந்து எழுதப்போகிறோம். கல்லல், தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்து ஆசிரியர்கள் யாராவது அதே வாரத்தில் தங்கள் வகுப்பிலும் செய்ய முடிந்தால், நிழலில் மட்டும் வையுங்கள், வெயில் நேரடியாகப் படக்கூடாது. அளவுகளைச் சேர்த்து வைத்துப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.